தழுவியது

எனக்கு வசனம் இல்லை. நான் தோணி.
முன்னால் கேதுஜன், பின்னால் விதுர்ஷா, நடுவில் நான்.
முழங்காலில் நின்று கைகோத்து அசைந்தால் தோணி.
மண்டூர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் மின்விசிறி இல்லை,
வாவிக்கு எங்கள் வியர்வையே போதும்.

கதை உண்மை. அருட்பிரகாசம் சேர்
கரும்பலகையில் எழுதியிருக்கிறார்:
‘உண்மைச் சம்பவம் ஒன்றைத் தழுவியது.’
வெள்ள வருசம். படுவான்கரை முழுக்கத் தண்ணீர்.
பாதை என்று நாங்கள் சொல்லும் இரும்பு மிதவையைக்
கரையில் கட்டிப்போட்டுவிட்டார்கள்.
விடிந்தால் களுவாஞ்சிகுடியில் சோதனை.
பதின்மூன்று பிள்ளைகளை வெள்ளாப்பில் ஏற்றி,
ஆற்றுவாழையைக் கம்பால் விலக்கி விலக்கி,
குருமண்வெளியில் இறக்கினார் ஒரு மனிதர்.
மத்தளம். விளக்கு அணையும். கைதட்டு.

அந்த மனிதர் நேற்று ஒத்திகைக்கு வந்தார்.
சீனித்தம்பி. சைக்கிள் கரியரில் கோழித்தீன் மூடை.
உள்ளே வராமல் வாசலில் நின்றே பார்த்தார்.
யுகேந்திரன் சீனித்தம்பியாகி
‘காசா பெரிது? கல்வியல்லவோ பெரிது!’ என்று
நெஞ்சில் கை வைத்தபோது
சிரித்துவிட்டார்.

‘நான் காசு வாங்கின நான் மனே.
தலைக்கு இருபது ரூபா.
மற்ற நாளையில அஞ்சுதான்.’

மத்தளக்காரன் தோலில் வைத்த கையை எடுக்கவில்லை.
சேர் வெண்கட்டியை மற்றக் கைக்கு மாற்றினார்.

‘தோணி என்ர இல்ல, வாடகைத் தோணி.
உடைஞ்சா நானெல்லோ கட்டணும்.’
எதையோ எண்ணுகிறவர் போல நின்றுவிட்டு
‘மறுகா, துறையில பதினாலு பிள்ளையள் நிண்டதுகள்’ என்றார்.
‘பதின்மூண்டு பேருக்கிட்டதான் காசு இருந்திச்சு.’

கோழிக்குத் தீன் வைக்க நேரமாகிறதென்று போய்விட்டார்.

பிறகு வந்தது சண்டை.
போட்டிக்கு ஒன்பது நாள். மேடையில் பதினைந்து நிமிசம்.
காசு வாங்கினால் நடுவர்கள் புள்ளி குறைப்பார்கள் என்றான் கேதுஜன்.
வாங்காவிட்டால் அது அவருடைய தோணியே இல்லை என்றாள் விதுர்ஷா.
யுகேந்திரனுக்கு அழுகை வந்தது,
அந்த ஒரு வசனத்துக்காகத்தான்
அவன் அம்மா புதுச் சாரன் வாங்கிக் கொடுத்தவ.

சேர் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றார்.
தழுவியது.
தழுவுவதென்றால் கட்டிப்பிடிப்பது.
கட்டிப்பிடித்து நிற்கையில்
எதிரே நிற்பவரின் முகம் தெரியாது,
முதுகுதான் கைக்குப் படும்.
இதை நான் சொல்லவில்லை. தோணிக்கு வசனம் இல்லை.

இன்றைக்குத் திரும்பவும் ஒத்திகை.
ஐந்து பேர்தான், பதின்மூன்றாக ஏறுகிறார்கள்.
ஒவ்வொருவரும் யுகேந்திரனின் கையில்
ஒன்றுமில்லாததை வைக்கிறார்கள்.
ஒன்றுமில்லாததை எண்ணி
இடுப்பில் முடிந்துகொள்கிறான் அவன்.
நெஞ்சில் கை வைத்ததைவிட
இது அவனுக்கு நன்றாக வருகிறது.

துறையில் ஒரு பிள்ளை மிச்சம்.
ஆணா பெண்ணா என்றுகூடச்
சீனித்தம்பி சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.
சும்மா வேடிக்கை பார்க்க வந்த ஆறாம் வகுப்பு லதுமிக்கா
‘நான் நிக்கட்டா?’ என்றாள்,
பதிலுக்குக் காத்திராமல் போய் நின்றாள்.
அழவில்லை. கையாட்டவில்லை.
கால்விரலால் தரையைச் சுரண்டிக்கொண்டு
பென்சில் பெட்டியைத் திறந்தாள், மூடினாள்,
திறந்தாள், மூடினாள்.
டக். டக்.

மத்தளக்காரனுக்கு என்ன அடிப்பதென்று தெரியவில்லை.
நாங்கள் அசையத் தொடங்கினோம்.
முகம் அக்கரையைப் பார்க்கவேண்டும்,
அப்படித்தான் பழக்கியது.
‘தோணிக்கு எங்கயடா கழுத்து?’ என்று சேர் கத்தினார்.
நான் திரும்பிப் பார்த்தபடியே அசைந்தேன்.

முடிந்ததும் மணிக்கூட்டைப் பார்த்தார்.
பதினாறு நிமிசம்.
ஒரு நிமிசம் எதையாவது வெட்டவேண்டும் என்றார்.

மத்தளத்தை வெட்டுவம் சேர்
என்றான் மத்தளக்காரன்.